சனி, ஞாயிறில் வளரும் சுவர்

பலமநேருக்கும் குப்பத்துக்கும் நடுவில் 40 சென்ட் நிலம் வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "சொந்தக் கையால் மண் வீடு கட்டப்போகிறோம். காண்ட்ராக்டர் கிடையாது. சென்னை, வேலூர், பெங்களூரிலிருந்து எட்டு நண்பர்கள் வருகிறார்கள். எல்லோரும் இரண்டு வாரம் லீவு சொல்லிவிட்டார்கள். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?"

லீவை ரத்து செய்யச் சொல்வதிலிருந்து ஆரம்பியுங்கள்.

காரணம் சொல்கிறேன். முதலில் வீட்டின் அளவு. உள்ளளவு 20 அடிக்கு 14 அடி, அதாவது 280 சதுர அடிக்கு மேல் ஆசைப்படாதீர்கள். பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமையலிடம் சேர்த்துக் குறைந்தபட்ச அளவே 25 சதுர மீட்டர்தான், ஏறக்குறைய 270 சதுர அடி. காண்ட்ராக்டரை வைக்கக் கூடாது, பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்தின் விதி. நீங்கள் செய்ய நினைப்பதைத்தான் ஊர் ஊராக ஏழைக் குடும்பங்கள் செய்துகொண்டிருக்கின்றன. பெரிய வீடு வேண்டுமென்றால் அடுத்த வருடம் பக்கத்தில் இன்னோர் அறை இழுத்துக்கொள்ளலாம். மண் வீட்டில் அது சுலபம்.

இந்த 280 சதுர அடிக்கு ஒன்றரை அடி கனத்தில், எட்டடி உயரத்தில் சுவர். நான்கு பக்கமும் சரியும் கூரை என்றால் முக்கோணச் சுவர் தேவையில்லை. சுற்றளவு 74 அடி. பெருக்கினால் 890 கன அடி வரும். கதவு, ஜன்னலைக் கழித்து 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். குழைத்த ஈர மண் கன அடிக்குச் சுமார் 50 கிலோ இருக்கும். ஆக உங்கள் நண்பர்கள் மிதித்து, உருட்டி, தூக்கி, அடுக்கப்போவது 40 டன்! நாற்காலியில் உட்கார்ந்து பழகிய ஆள் ஒரு நாளில் 7 கன அடி செய்தால் பெரிது. அதுவே 350 கிலோ. 800-ஐ 7-ஆல் வகுத்தால் 114 ஆள் நாள். எட்டுப் பேர் 14 நாள் இருந்தால் 112. காகிதத்தில் கணக்கு நேராகிவிடுகிறது. உங்கள் நண்பர்களும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள்.

மண்ணுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஒரு நாளில் 14 அங்குலத்துக்கு மேல் சுவர் ஏற்றினால் அடிமண் பிதுங்கும். எனக்கு இது புத்தகத்தில் படித்த பாடம் இல்லை. முதன்முதலில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனபோது, பத்துப் பேர் உற்சாகத்தில் ஒரே நாளில் மூன்றடி ஏற்றிவிட்டோம். ராத்திரி புகைப்படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினோம். காலையில் எழுந்து பார்த்தால் சுவர் கர்ப்பிணி மாதிரி நிற்கிறது. மண்வெட்டியால் செதுக்கி, இரண்டடியை இடித்து, மறுபடி மிதித்தோம். ஒரு படை வைத்தால் அது இறுகுவதற்கு நான்கைந்து நாள் விட வேண்டும். பிறகுதான் அடுத்த படை.

அப்படியானால் இரண்டு வாரம் தொடர்ந்து வந்து தங்கும் எட்டுப் பேர் என்ன செய்வார்கள்? மூன்று நாள் வேலை செய்வார்கள், பதினோரு நாள் சுவர் காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாலாம் நாள் யாராவது ஒருவர் "திருமலைக்குப் போய்விட்டு வந்துவிடலாமே" என்பார். 300 ரூபாய் தரிசன டிக்கெட் யாரிடமாவது கட்டாயம் இருக்கும்.

அதே 112 ஆள் நாளை ஏழு சனி ஞாயிறாகப் பிரித்துப் பாருங்கள். எட்டுப் பேர், இரண்டு நாள், ஏழு வாரம். சுவரும் 14 அங்குலப் படை ஏழு வைத்தால் எட்டடியைத் தொட்டுவிடும். சனிக்கிழமை மண்ணை நனைத்து, வைக்கோல் போட்டு மிதித்து, ஈரச் சாக்கால் மூடிவிட்டுத் தூங்குங்கள். ராத்திரி முழுக்க ஊறிய மண் காலையில் வெண்ணெய் மாதிரி கைக்கு வரும். ஞாயிறு அடுக்கி முடித்து, சாயங்காலம் பஸ் ஏறலாம். திங்கள் முதல் வெள்ளி வரை சுவர் தானே இறுகும். நகரத்தில் வேலை பார்க்கும் ஆளின் வாரமும் மண் சுவரின் வாரமும் இப்படிப் பொருந்துவது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். மண்ணைத் தேர்ந்தெடுத்ததற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

வாரநாட்களில் ஒரே ஒரு ஆள் அங்கே இருக்க வேண்டும், அது நீங்கள்தான். சுவரின் மேல்முகத்தைக் கரடுமுரடாக விட்டு, விரல் கனத்துக்குக் குச்சியால் குத்திக் குழி போட்டு, ஈரச் சாக்கு போட்டு வைப்பது உங்கள் வேலை. மேல்முகம் மட்டும் காய்ந்து ஓடாகிவிட்டால் அடுத்த படை ஒட்டாது. பக்கங்கள் காயட்டும், தலை மட்டும் ஈரமாக இருக்கட்டும்.

கையில் மண் படுவதற்கு முன்னால் காகித வேலை. நிலம் வாங்கியாகிவிட்டது என்கிறீர்கள். இருந்தாலும் அடங்கல், 1-பி என்ற நில ஆவணங்கள் இரண்டையும் ஒருமுறை தெலுங்கு படிக்கத் தெரிந்தவரை வைத்துப் பார்த்துவிடுங்கள். அரசு ஒப்படைத்த நிலத்தை இந்தப் பக்கம் டி.கே.டி. பட்டா என்பார்கள். அதைக் கைமாற்றுவதை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பின்னாளில் திருத்தங்கள் வந்திருந்தாலும் உங்கள் சர்வே எண்ணுக்கு அது பொருந்துமா என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும், விற்றவர் அல்ல. பதிவு தடை செய்யப்பட்ட 22-ஏ பட்டியலில் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி மாவட்டங்கள் பிரிந்தபோது காளஹஸ்தி, சத்தியவேடு எல்லாம் திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டன. அந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களின் பழைய பத்திரத்தில் சித்தூர் மாவட்டம் என்று இருந்தால் பதற வேண்டாம். விவசாய நிலத்தில் வீடு கட்ட என்ன அனுமதி வேண்டும் என்பதைக் கிராம சச்சிவாலயத்தில் நேரில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

இனி மாதக் கணக்கு. தை பிறந்ததும் கடக்கால் தோண்டுங்கள். மாசி, பங்குனியில் சுவர். சித்திரைக்குள் கூரை. ஆவணியில் பூச்சு. இந்த வரிசையை ஒரு மாதம் தள்ளிப்போட்டாலும் மாட்டிக்கொள்வீர்கள். வைகாசி பிறந்தால் இங்கே ஆள் கிடைக்காது; சித்தூர்ப் பக்கம் தோதாபுரி மாங்காய் அறுவடைக்குப் போய்விடுவார்கள். மே மாதத்தில் கங்கம்மா ஜாத்திரை. திருப்பதியிலும் குப்பத்திலும் அந்த வாரம் கொத்தனாரைத் தேடுவது வீண். பிறகு ஒரு வேடிக்கை இருக்கிறது. எல்லை ஊர்களில் தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாடம் ஆகாது, தமிழர்களுக்கு ஆடி ஆகாது. அவர்கள் பஞ்சாங்கம் சந்திரனைப் பார்க்கும், நம்முடையது சூரியனைப் பார்க்கும். அதனால் இரண்டும் ஒரே நாளில் தொடங்கி முடிவதில்லை. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை யாராவது ஒருவருக்கு நாள் சரியில்லாமல் இருந்துகொண்டே இருக்கும். நம்பிக்கை உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம், மேஸ்திரிக்கு இருக்கிறது.

சித்திரையில் ஒன்றிரண்டு கோடை மழை வரும். சுவரின் தலைக்கு மட்டும் தார்ப்பாய் போட்டுக் கல் வைத்துவிடுங்கள். பக்கங்களில் படும் சாரல் ஒன்றும் செய்யாது. தலை வழியாக இறங்கும் தண்ணீர்தான் ஆளைக் கொல்லும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. இந்த மேட்டுப் பகுதியில் ஆழ்துளைக் கிணறு 1,000 அடியைத் தாண்டுவது சாதாரணம். 40 டன் மண்ணுக்கு மட்டும் எட்டாயிரம் லிட்டர் போல வேண்டும். குடிக்க, குளிக்க, கை கால் கழுவ, சாக்கு நனைக்க என்று சேர்த்தால் பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாது. 5,000 லிட்டர் டேங்கர் மூன்று. முதல் சனிக்கிழமைக்கு முன்பே தொட்டியோ, தார்ப்பாய் விரித்த குழியோ தயாராக இருக்க வேண்டும். எட்டுப் பேர் வந்து நிற்கும்போது டேங்கருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

கடக்காலும் பேஸ்மட்டமும் நண்பர்களுக்கான வேலை அல்ல. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எல்லோரும் இதைத்தான் முதலில் செய்ய ஆசைப்படுகிறார்கள். தோண்டுவதை அவர்கள் தோண்டட்டும். கல் கட்டுவது தெரிந்தவர் கையால்தான் நடக்க வேண்டும். இந்தச் சீமையில் கல்லுக்குப் பஞ்சமில்லை, கல் வேலை தெரிந்த குடும்பங்களுக்கும் பஞ்சமில்லை. இரண்டடி அகலத்தில் கெட்டி மண் தட்டுப்படும் வரை தோண்டி, கருங்கல் கட்டி, தரைக்கு மேல் இரண்டடி எழுப்பச் சொல்லுங்கள். கட்டும்போது பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சுவரின் இந்த முகத்திலிருந்து அந்த முகம் வரை போகும் நீளக்கல் நான்கைந்து அடிக்கு ஒன்றாவது விழ வேண்டும். இரண்டு முகத்துக்கும் தனித்தனியாக அழகான கல்லை வைத்து, நடுவில் பொடிக்கல்லைக் கொட்டி நிரப்பினால் பார்க்க நன்றாயிருக்கும். சில வருடத்தில் வயிறு தள்ளும்.

இரண்டடி எதற்கு என்று யாராவது கேட்டால் 2021 நவம்பரை ஞாபகப்படுத்துங்கள். அந்த மாதம் 18, 19 தேதிகளில் திருப்பதித் தெருக்களில் ஆறு ஓடியது. ஸ்வர்ணமுகி கரை தாண்டியது. ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு, கீழே இருந்த ஊர்களைக் காலி செய்ய வைத்தார்கள். மண் சுவர் மழையைத் தாங்கும், நிற்கிற தண்ணீரைத் தாங்காது. உங்கள் மனை மேட்டில் இருந்தாலும் சரி, ஊர்ப் பெரியவர்களிடம் அந்த வருடம் தண்ணீர் எது வரை வந்தது என்று கேட்டுவிட்டு வாசல் மட்டம் வையுங்கள்.

இப்போது மண். எந்தக் கடையிலும் மண் வாங்காதீர்கள்; உங்கள் 40 சென்ட்டுக்குள்ளேயே தேடுங்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் தன் சிக்கன வீடுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் காந்தி சொன்ன ஐந்து மைல் கணக்கைக் குறிப்பிடுவார்: வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றுக்குள் கிடைக்க வேண்டும் என்பது. சித்தூர்ப் பக்கம் பெரும்பாலும் செம்மண். மேல் மண்ணில் வேரும் சருகும் இருக்கும். ஒரு அடியை ஒதுக்கிவிட்டு (தோட்டத்துக்கு ஆகும்) அதற்குக் கீழே இருப்பதை எடுங்கள். கண்ணாடி பாட்டிலில் பாதி மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், அதற்கு மேல் வண்டல், உச்சியில் களி என்று தனித்தனியாகப் படியும். களி ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால் அதிர்ஷ்டசாலி. ஈர மண்ணைக் கோலிக்குண்டைவிடப் பெரிதாக, எலுமிச்சை அளவுக்கு உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். சொத்தென்று அப்பிக்கொண்டால் தண்ணீர் அதிகம். பொலபொலவென்று சிதறினால் களி போதாது. லேசாகச் சப்பையாகி இரண்டு கீறலோடு நின்றால் சரி.

இதோடு முடியவில்லை. அந்த மண்ணில் நான்கு விதமாகக் கலந்து, செங்கல்லைப் போல இரு மடங்கு பெரிய கட்டிகள் செய்து பத்து நாள் நிழலில் காயவிடுங்கள். விரிசல் விட்டது என்றால் மணல் சேர்க்க வேண்டும், எம்-சாண்ட் போதும். விரலால் சுரண்டினால் உதிர்கிறது என்றால் ஏரி வண்டல் சேர்க்க வேண்டும். பஞ்சாயத்தில் கேட்டுவிட்டு ஒரு டிராக்டர் அடியுங்கள். மிக நன்றாக வந்த கட்டியின் அளவை, எத்தனை சட்டி மண், எத்தனை சட்டி மணல் என்று, பலகையில் எழுதித் தொங்கவிடுங்கள். நண்பர்கள் வந்ததும் ஆளுக்கொரு கலவை சொல்வார்கள். பலகை இருந்தால் வாய் மூடும்.

வைக்கோல் விஷயத்தில் ஒரு வார்த்தை. இந்த மேட்டுப் பகுதியில் கேழ்வரகுத் தாள்தான் அதிகம். அது மாட்டுக்குப் போகட்டும். நெல் வைக்கோலை வாங்கி, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிப் போடுங்கள்.

எட்டுப் பேரை எப்படிப் பிரிப்பது? நான்கு பேர் மிதிக்க, இரண்டு பேர் உருட்டிக் கொடுக்க, ஒருவர் சுவரில் வைக்க, ஒருவர் மட்டம் பார்க்க. மிதிப்பவர்களும் கொடுப்பவர்களும் மணிக்கொரு முறை மாறிக்கொள்ளலாம். சுவரில் வைப்பவரும் மட்டம் பார்ப்பவரும் மட்டும் மாறக் கூடாது. தூக்குக்குண்டு ஒரே கையில் இருக்கட்டும். இரண்டு பேர் பார்த்தால் இரண்டு மட்டம் வரும். தூரத்து மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிய டியூப் போதும். மூலைக்கு 3, 4, 5 அடி அளந்து கயிறு கட்டுவது தெரியாதவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்ளட்டும். அனுபவமுள்ள உள்ளூர் கொத்தனார் ஒருவரை ஏழு ஞாயிறும் கூலிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் மண்ணைத் தொடவே வேண்டாம். நடந்துகொண்டு "அந்த மூலை வெளியே போகுது" என்று சொன்னால் போதும், கூலி வசூலாகிவிடும்.

இன்னொன்று: வேலையிடத்தில் முடிவு சொல்வது ஒருவர்தான். ஜன்னல் எந்தப் பக்கம் என்று எட்டுப் பேரிடமும் கருத்துக் கேட்டால் ஜன்னலும் வராது, நட்பும் மிஞ்சாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிரியாணி போடாதீர்கள். ராகி சங்கடி (கேழ்வரகுக் களி), வேர்க்கடலைச் சட்னி, கொஞ்சம் கீரை, மோர். அதைச் சாப்பிட்டவன் மூன்று மணிக்கு எழுந்து வேலைக்கு வருவான். பிரியாணி சாப்பிட்டவனைப் புளியமரத்தடியில்தான் தேட வேண்டும். பங்குனி வெயிலில் பதினொன்றரை முதல் மூன்று வரை யாரும் வெளியே நிற்கக் கூடாது. காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள். மண்ணை மிதிக்கும் முன் கண்ணாடிச் சில், முள், தேள் இருக்கிறதா என்று ஒருவர் மண்வெட்டியால் புரட்டிப் பார்க்கட்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்று வருவதற்கு முன்பே எல்லோரையும் கேட்டுவிடுங்கள்.

கதவு, ஜன்னலுக்கு மேல் கான்கிரீட் லிண்டல் வேண்டியதில்லை. இந்தப் பக்கம் அறுத்த கல் பலகை கிடைக்கும். இரு பக்கமும் ஒரு அடி சுவருக்குள் உட்காரும்படி வாங்குங்கள். குளியலறை, கழிவறையை மண்ணில் கட்டாதீர்கள். வீட்டை ஒட்டித் தனியாகச் செங்கல், சிமெண்டில் கட்டிவிடுங்கள். குழாய் எதுவும் மண் சுவருக்குள் போகக் கூடாது. கசிவு தெரியவரும்போது சுவர் போயிருக்கும்.

ஏழாவது ஞாயிறு மிக முக்கியம். கடைசிப் படைக்கு இரண்டடி கீழேயே, முழங்கை நீள மூங்கில் துண்டுகளைச் சுவரின் நடுவில் படுக்கப் போட்டு, அதில் கட்டிய கெட்டிக் கம்பியை மேலே நீட்டிவிட வேண்டும். அதாவது ஐந்தாவது வாரமே இதை யோசித்திருக்க வேண்டும். கூரைச் சட்டத்தை அந்தக் கம்பியால்தான் கட்டப்போகிறோம். புயல் கரையைத் தொட்டுவிட்டு உள்ளே வரும்போது இங்கே அடிக்கும் காற்று கூரையை அழுத்துவதில்லை, தூக்குகிறது. கனமான ஓடு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்.

கூரைக்கு நண்பர்களை ஏற்றாதீர்கள். எகிப்தில் ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக் கலைஞர், மரச் சாரம் இல்லாமல் மண் கல்லால் வளைவுக் கூரை போட முயன்றபோது வளைவுகள் இடிந்து விழுந்தன. அஸ்வான் பக்கத்து நூபியக் கொத்தனார்களைத் தேடிப் பிடித்து அழைத்து வந்த பிறகுதான் கூரை நின்றது. அத்தனை படித்தவருக்கே கூரைக்கு ஒரு பரம்பரைக் கை தேவைப்பட்டது. நீங்கள் ஓட்டுக் கூரை தெரிந்த தச்சர் ஒருவரையும் அவருடைய ஆட்களையும் நாள் குறித்து முன்பணம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடித்த ஓட்டு வீடுகளின் பழைய விட்டம், கைமரம் சாமான் கடைகளில் கிடைக்கும். வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் கிடைத்தால் விடாதீர்கள். இரண்டரை அடி இறவாரம் வைத்தால் இந்த வீட்டுக்கு மங்களூர் ஓடு ஏறக்குறைய ஆயிரம் ஆகும். அந்த ஆயிரத்தையும் லாரியிலிருந்து இறக்கி, வரிசையாக நின்று கைமாற்றிக் கொடுப்பது நண்பர்களுக்கு ஏற்ற வேலை. ஏணிக்குக் கீழே இருக்கட்டும் அவர்கள் எல்லை.

செம்மர உத்தரம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காதோடு சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். சேஷாசலக் காட்டு மரம் அது. வீடு கட்டப் போய் ஜெயிலில் உட்கார வேண்டாம்.

சுண்ணாம்புப் பூச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே கெடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். மண் சுவரின் மேல் சிமெண்ட் பூசாதீர்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். இரண்டு மழைக் காலத்தில் தகடு தகடாகக் கழன்று விழும், கூடவே மண்ணையும் பெயர்த்துக்கொண்டு. சுண்ணாம்பு மூச்சு விடும். சந்திரகிரிக் கோட்டை ராஜ மகாலைப் போய்ப் பாருங்கள். மூன்று அடுக்கு, கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான், மரமே கிடையாது. விஜயநகரத்தார் கட்டியது இன்றும் மியூசியமாக நிற்கிறது. திருப்பதிக்கு வரும் நண்பர்களை அங்கே ஒருமுறை கூட்டிப்போனால் ஒரு வாரம் பேசிப் புரிய வைக்க வேண்டியது அரை மணியில் புரிந்துவிடும்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கி, மாசியிலேயே தாளித்து ஊறப்போட்டுவிடுங்கள். ஒரு மாதம் ஊறினால் நல்லது, ஆவணி வரை ஊறினால் இன்னும் நல்லது. தாளிக்கும்போது தொட்டித் தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். குவித்த சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் டிரம் வேண்டாம், இரும்பு டிரம்மோ மண் குழியோ போதும். ஒரு முறை எங்களோடு வேலை செய்த நண்பருக்குக் கண்ணில் ஒரு துளி பட்டது. பக்கத்தில் தண்ணீர்க் குடம் இருந்ததால் அரை மணி விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பார்வை பிழைத்தது. அன்றிலிருந்து கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போடாத ஆளைச் சுண்ணாம்புக் குழிப் பக்கம் நான் விடுவதில்லை. குழந்தைகள் வரும் நாளில் அந்த வேலையே கூடாது.

பூசும்போது ஊறிய சுண்ணாம்பு ஒன்று, சலித்த மணல் மூன்று. கடுக்காயை உடைத்து, வெல்லத்தோடு ஒரு வாரம் ஊறவைத்த தண்ணீரைக் கலவையில் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். சித்தூர் வெல்லம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் உங்கள் நிலம் கௌண்டின்யா சரணாலயத்துக்குத் தூரமில்லை. ஆந்திரத்தில் யானை குடியிருக்கும் காடு அது. 1980-களில் ஓசூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த கூட்டத்தின் வழி. வெல்ல மூட்டையை ராத்திரி வேலையிடத்தில் வைத்துவிட்டுப் போனால், காலையில் மூட்டையும் இருக்காது, மூட்டை இருந்த சுவரும் இருக்காது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் ஊரிலிருந்து எடுத்து வாருங்கள். வீட்டுக்குக் குடிபோன பிறகும் தானியம், பலாப்பழம் எல்லாம் எந்த அறையில் வைக்கிறீர்கள் என்பதில் கவனம் இருக்கட்டும்.

மண் சுவர் முழுக்கக் காய இரண்டு மூன்று மாதமாவது ஆகும். அதனால்தான் பூச்சுக்கு ஆவணி. பூசியதை ஒரு வாரம் ஈரச் சாக்கு கட்டி மெதுவாகக் காயவிடுங்கள். மயிரிழை விரிசல்கள் வரும். பயப்பட வேண்டாம், சுண்ணாம்புத் தண்ணீர் அடித்தால் தானே மூடிக்கொள்ளும். பயப்பட வேண்டியது ஒரு ரூபாய் நாணயம் நுழையும் விரிசலுக்கு, அதுவும் மூலையில் மேலிருந்து கீழே ஓடினால். அதன் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மாதா மாதம் பாருங்கள். காளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26 அன்று சரிந்தது எல்லோருக்கும் தெரியும். அத்தனை பெரிய கோபுரமும் விரிசலாகத்தான் முதலில் பேசியது. உங்கள் விரிசல் நகர்கிறது என்று தெரிந்தால் பூச்சு மேல் பூச்சு பூசி மறைக்காமல், கடக்காலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பத்தில் எட்டு அங்கேதான்.

இதெல்லாம் படித்துப் போதாது, ஒருமுறை கையால் செய்து பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்றால், உங்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு இடங்கள் உண்டு. திருவண்ணாமலையில் பிஜு பாஸ்கர் தொடங்கிய 'தண்ணல்' மண், சுண்ணாம்பு வீடுகளைக் கையால் கட்டக் கற்றுத் தருகிறது. ஆரோவில் மண் கட்டடக் கழகம் 1989 முதல் அழுத்திய மண் கல் பயிற்சி தருகிறது. அந்தக் கல்லில் சராசரியாக நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் சேர்ப்பார்கள், சூளை கிடையாது. எட்டுப் பேரில் ஒருவராவது ஒரு பயிற்சிக்குப் போய்வந்தால் மீதி ஏழு பேரின் நேரம் மிச்சம்.

கடைசியாக நீங்கள் கேட்காத கேள்வி. வேலை நடக்கும்போது பக்கத்து நிலத்துக்காரர் வருவார். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்ப்பார். பிறகு "ஏம் பாபு, அட்ட காது" (அப்படி இல்லை தம்பி) என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிடுவார். அவர் வீட்டு அம்மா ராகி மாவு கொண்டுவந்து தருவார். இவர்களும் நண்பர்கள்தானே என்று நினைத்துக் கூலியை மறந்துவிடாதீர்கள். உங்கள் நண்பர்களுக்குத் திங்கள்கிழமை சம்பளம் ஓடும், இவர்களுக்கு ஓடாது. அன்றாடக் கூலியை அன்றே கொடுங்கள். வாங்க மறுத்தால், அவர் கடலைக்காய் பறிக்கும் நாளில் நீங்கள் எட்டுப் பேரும் அவர் காட்டில் இருக்க வேண்டும். ஊரில் அந்தக் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் யாரும் மறப்பதும் இல்லை.

நண்பர்களுக்கு என்ன செய்வது? புதுமனைப் புகுவிழாவுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். ஐப்பசி முதல் பெருமழைக்குக் கூப்பிடுங்கள். ஆளுக்கொரு குடையோடு வீட்டைச் சுற்றி நடந்து, சாரல் எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்கு அடிக்கிறது, இறவாரத் தண்ணீர் எங்கே விழுந்து மண்ணை அரிக்கிறது, எந்த ஓட்டிடுக்கில் சொட்டுகிறது என்று கரித்துண்டால் குறித்து வைக்கட்டும். அடுப்பில் ராகி சங்கடி வேகட்டும். மூடி போட்ட வாளியில் ஊறிய சுண்ணாம்பு கொஞ்சம் மிச்சம் வைத்திருங்கள். மழை விட்ட மறுநாள் அது தேவைப்படும்.